உடை மாற்றும் அறையில் கேமரா: ஒரே மனுவா, தனித்தனியா?

தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த். கல்யாண மண்டபம் ஒன்றில் பெண்கள் உடை மாற்றும் அறையில் போன் சார்ஜர் வடிவக் கேமரா சிக்கியிருக்கிறது. வைத்தது யாரென்று தெரியவில்லை.

வைஃபை ஸ்கேனில் அது அகப்படவில்லை. மெமரி கார்டிலேயே பதிவாகும் வகை, ஸ்கேன் காட்டாது. விளக்கை அணைத்து டார்ச் அடித்தபோது லென்ஸ் பளிச்சிட்டு மாட்டிக்கொண்டது. கார்டை யாரும் திறக்கவில்லை (திறந்தால் கோப்புத் தேதிகள் மாறலாம்), உறையிலிட்டு போலீசில் கொடுத்து, அஃபிடவிட்டும் தந்து, கேஸ் நம்பர் வாங்கியாயிற்று. பதிந்திருப்பது 'கிரிமென் இஞ்சூரியா' (ஒருவரின் கண்ணியத்தை, அந்தரங்கத்தைக் குலைக்கும் குற்றம்) மட்டும்.

காரணம் தெரிந்ததுதான். 2020-ம் ஆண்டு சைபர் குற்றச் சட்டத்தின் 16-வது பிரிவு அந்தரங்கப் படத்தை வெளியிடுவதைத்தான் தண்டிக்கிறது. படங்கள், வெளியீடுகள் சட்டத்தின் 18எஃப் பிரிவும் அப்படியே. படத்தில் இருப்பவர் யாரென்று அடையாளம் தெரிந்தால் 3 லட்சம் ராண்ட் அபராதம், 4 ஆண்டு சிறை வரை போகலாம், ஆனால் பரப்பியிருக்க வேண்டும். ஒளித்து எடுத்தவனுக்கு இது வசதியான ஓட்டை.

மிச்சமிருப்பது 2011-ம் ஆண்டு துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். ஆளைக் கண்டுபிடிக்கும்படி மாஜிஸ்ட்ரேட் கோர்ட் போலீசுக்கு உத்தரவிட அதில் இடமுண்டு.

அந்த அறையைப் பயன்படுத்திய பெண்கள் எல்லாரும் சேர்ந்து இந்தச் சட்டப்படி ஒரே மனு போட்டால் கோர்ட்டில் ஏற்பார்களா, இல்லை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் போட வேண்டுமா?