வெளிச்சுவர் பலகைக்கு ஸ்டெயினா, பெயிண்டா?

வணக்கம். கோத்தகிரியில் அப்பா கட்டிய வீட்டின் வெளிச்சுவர்களில் தேக்குப் பலகை அடித்திருக்கிறோம். இதுவரை வார்னிஷ்தான். வடகிழக்குப் பருவமழை நேராக மோதும் கிழக்குப் பக்கத்தில் அது செதில் செதிலாக உரிந்து, பலகை வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. தரையை ஒட்டிய வரிசையில் பாசியும் பிடித்திருக்கிறது.

பெயிண்டர் அண்ணன் எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். பெயிண்ட் வெயிலை நன்றாகத் தடுக்கும், பல வருடம் நிற்கும், சரி. ஆனால் மழையில் ஊதி வெயிலில் சுருங்குகிற பலகையில் அந்தப் படலம் வெடித்தால், உள்ளே இறங்கிய தண்ணீர் காய வழியின்றி மரம் உள்ளேயே மக்கிவிடும் என்பதுதான் என் பயம். ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறம் தரும் நீர்த்த பூச்சு, மேலே படலமாக நிற்காமல் மரத்தில் ஊறுவதால் அப்படி உரியாது. 2, 3 வருடத்துக்கு ஒருமுறை கழுவி மறுபடி ஒரு கோட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தேக்கின் ரேகையும் தெரியும். அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய மரம், அதை மூட மனசு வரவில்லை.

பழைய வார்னிஷ் இருக்கும் இடத்தில் ஸ்டெயின் ஊறாதே, அதை முழுக்க எடுக்க உப்புத்தாள் போதுமா, சூடான காற்றடித்து இளக்கும் ஹீட் கன் வேண்டுமா? எண்ணெய் ஸ்டெயினா, தண்ணீர் ஸ்டெயினா? நிறமி குறைவாக உள்ள ஸ்டெயின் நம் மலை வெயிலுக்குத் தாங்குமா? பலகையின் வெட்டு முனைகளுக்கு என்ன பூசுகிறீர்கள்? குன்னூர், ஊட்டிப் பக்கம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பலகை காய்ந்திருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்.