பால்மரத்துப் பேபி கோட்: பூச்சி அரிக்குமாம்!

பால்காட்டுப் பேரன்:
மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன் எழுதுகிறேன். நேற்று ஆசாரி மகன் இங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பால்மரத்தில், அதாவது ரப்பர் மரப் பலகையில், பேபி கோட் (பிள்ளைக் கட்டில்) வாங்காதே, ஆறே மாதத்தில் பூச்சி அரித்துவிடும். அண்ணே, 25, 30 வருஷம் பால் கொடுத்த மரத்தை வெட்டி, மூவாரில் மேசை நாற்காலி செய்து அமெரிக்கா வரை கப்பலேற்றுகிறார்கள். அங்கே போகாத பூச்சி உங்கள் வீட்டுக்கு மட்டும் பஸ் ஏறி வருகிறதா?

ஆசாரி மகன்:
வந்ததே! தினம் காலையில் கூட்டினால் கோட்டின் காலடியில் கோதுமை மாவு மாதிரித் தூள். பலகையில் குண்டூசி நுழைகிற ஓட்டைகள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூச்சிக்கு அதுதான் சோறு. அது அடுப்புக்கு ஆகிற மரம் என்று அப்பா சும்மாவா சொன்னார்? வாங்கினால் செங்கால் மரத்தில் வாங்குங்கள்.

பால்காட்டுப் பேரன்:
அடுப்பு அந்தக் காலம். தோட்டத்து லாய வீட்டில் என் பாட்டியும் எரித்தார், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டிலும் அதைத்தான் போட்டார்கள். இப்போது வெட்டிய கையோடு அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைக்கிறார்கள். உங்களுடையது மருந்து ஏறாத பலகை. செங்காலில் பேபி கோட்டா? திரங்கானுவில் படகு கட்டுகிற மரம் அண்ணே அது! பிள்ளை மீன்பிடிக்கப் போகிறதா?

புது அம்மா:
எனக்கு அடுத்த மாதம் பிரசவம். பால்மரக் கோட் எத்தனை வருஷம் உழைக்கும்? ஒரு பிள்ளைக்கா, மூன்று பிள்ளைக்கா? கோட்டின் மரச் சட்டங்களுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னார். குளிர்பான டின்னை நுழைத்துப் பார்த்தால் போதுமா?

ஆசாரி மகன்:
மருந்தாம் மருந்து! பல் முளைக்கும்போது பிள்ளை விளிம்பைக் கடிக்குமே, அப்போது?

பால்காட்டுப் பேரன்:
கடிப்பது மேலே பூசிய சாயத்தை. ஈயம் இல்லாத சாயமா என்று கடையில் கேட்டீர்களா? விலையைத்தான் கேட்டிருப்பீர்கள்.

கங்கா அக்கா:
எதற்கு இந்தச் செலவு? நாலு பிள்ளையையும் ஸ்பிரிங் தொட்டிலில், என் சேலையைக் கட்டித்தான் வளர்த்தேன். கோட்டாம், அதற்குத் தோதாக அலமாரியாம்!

பால்காட்டுப் பேரன்:
அந்த ஸ்பிரிங் எங்கள் வீட்டுடையது அக்கா. இரவல் போனது இன்னும் திரும்பவில்லை.

கங்கா அக்கா:
துருப்பிடித்த ஸ்பிரிங்குக்கு ஊரைக் கூட்டுகிறாயா? உன் கல்யாணத்துக்கு என் அண்டாவைக் கொண்டுபோனாயே, அதன் மூடி எங்கே?

தமான் தம்பி:
பக்கச் சட்டம் இறங்குகிற கோட்டை யாரும் வாங்காதீர்கள். சட்டம் கழன்று பிள்ளை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 2011இலேயே தடை செய்துவிட்டார்கள்.

பால்காட்டுப் பேரன்:
தம்பி, பேச்சு பால்மரத்தைப் பற்றி.

ஆசாரி மகன்:
தூள் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

பால்காட்டுப் பேரன்:
மருந்து ஏறாத பலகை. எத்தனை தடவை சொல்வது? தோட்டத்துக் கணக்கர் கிராணியின் பங்களாவுக்குக் கதவு செய்த குடும்பம், பால் வாளி தூக்கியிருந்தால் அல்லவா மரத்தின் அருமை தெரியும்.

ஆசாரி மகன்:
உங்கள் லாயத்துக் கதவும் எங்கள் தாத்தா செய்ததுதான். பால்மரத்தில் செய்யவில்லை!

புது அம்மா:
கடைக்குப் போய் வந்தேன். டின் நுழைந்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் கோட் வேண்டாம்தானே?

பால்காட்டுப் பேரன்:
அது என்ன மரம் என்று கேட்டாயாம்மா?