லாக்டோஸ் வில்லையின் டெராஹெர்ட்ஸ் நிறமாலையில் எதிர்பாராத பள்ளங்கள்

கேள்வி: லாக்டோஸ் மோனோஹைட்ரேட்டைப் பாலித்தீன் தூளுடன் கலந்து, 1 மி.மீ. தடிமனுள்ள வில்லையாக அழுத்தி, டெராஹெர்ட்ஸ் (நொடிக்கு லட்சம் கோடி அதிர்வுகள்) அலைத் துடிப்புகளைச் செலுத்தி அளந்தேன். எதிர்பார்த்தபடி 0.53 டெராஹெர்ட்ஸில் உறிஞ்சல் கிடைத்தது. ஆனால் 0.557, 0.752, 1.097 ஆகிய இடங்களிலும் கூரிய பள்ளங்கள் உள்ளன. நிறமாலை நெடுக ஏறத்தாழ 0.1 டெராஹெர்ட்ஸ் இடைவெளியில் அலைவும் தெரிகிறது. மாதிரியில் கலப்படம் இருக்குமா?

மறுமொழி 1: இவை மூன்றும் காற்றிலுள்ள நீராவியின் கோடுகள். மாதிரி இல்லாத வெற்று அளவீட்டுக்கும் மாதிரி அளவீட்டுக்கும் இடையே ஈரப்பதம் மாறினால், ஒன்றை மற்றதால் வகுக்கும்போது அவை நீங்குவதில்லை. கதிர்ப்பாதையை மூடி, உலர் நைட்ரஜன் செலுத்துங்கள். 1.37இல் வருவது லாக்டோஸுடையதே. அதையும் நீராவி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மறுமொழி 2: அலைவுக்குக் காரணம் வேறு. துடிப்பின் ஒரு பகுதி வில்லையின் இரு முகங்களுக்கிடையே எதிரொலித்து, ஒளிவிலகல் எண் 1.5 எனக் கொண்டால், 10 பிக்கோ நொடி தாமதமாக வந்து சேர்கிறது. அதன் தலைகீழ்தான் நீங்கள் காணும் 0.1 டெராஹெர்ட்ஸ். எதிரொலிக்கு முன்பே பதிவை வெட்டிவிடலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் பகுதிறனும் (நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) அதே 0.1 டெராஹெர்ட்ஸுக்குக் குறைந்து, 0.53இன் குறுகிய கோடு பரந்துவிடும். லாக்டோஸின் அளவை மாற்றாமல் பாலித்தீனைக் கூட்டி, 3 மி.மீ. வில்லை செய்தால் எதிரொலி 30 பிக்கோ நொடிக்குத் தள்ளிப்போகும்.

கேட்டவர்: நைட்ரஜன் போதுமான அளவு நிரம்பியதை எப்படி அறிவது, ஐயா?

மறுமொழி 1: வெற்று அளவீட்டில் முதன்மைத் துடிப்புக்குப் பின் நீராவியால் நீளும் சிற்றதிர்வுகளைக் கவனியுங்கள், அவை இரைச்சல் மட்டத்துக்கு அடங்கியபின் மாதிரியை வையுங்கள்.