சமுதாய வானொலி ஸ்டுடியோ கட்டணும், டிசைன் கன்சல்டன்ட் எப்படி பிடிக்கிறது?

புதுகை_மண்
வணக்கம் நண்பர்களே. எங்க ட்ரஸ்ட்டுக்கு சமுதாய வானொலி ஆரம்பிக்க லெட்டர் ஆஃப் இன்டென்ட் (அரசோட முதல் கட்ட சம்மதக் கடிதம்) வந்துருச்சு, மூணு வருஷ அலைச்சல். மாடியில ரெண்டு ரூம் இருக்கு, பெருசு 12க்கு 14 அடி, உயரம் 10, அதுல ரெக்கார்டிங், சின்னதுல லைவ்னு நெனச்சிருக்கோம். ஒரு இன்டீரியர்காரர் வந்தார், அளவு டேப் கூட எடுக்கல, நாலு சுவத்துலயும் ஃபோம் ஒட்டிட்டா சவுண்ட்ப்ரூஃப் ஆயிரும்னு சொல்லி ஒரு ரேட்டும் சொல்லிட்டு போயிட்டார். ரோடு பக்கத்துலயே இருக்கு, பஸ் ஏர்ஹாரன் உள்ள உக்காந்தா காதுல அடிக்குது. ஃபோம் அத நிறுத்துமா? இதுக்குன்னே இருக்குற கன்சல்டன்ட்ட எங்க தேடுறது, என்ன கேட்டு முடிவு பண்றது? ஊர்க்காரங்க கொடுத்த காசுங்க, தப்பா போச்சுன்னா ரெண்டாவது தடவ கட்ட வழி இல்ல.

டெல்டா_மைக்
வாழ்த்துகள் சார். நான் ஒரு சமுதாய வானொலியில எட்டு வருஷமா இருக்கேன். ட்ரான்ஸ்மிட்டர், டவர் வேலை வேற, ரூமோட சத்தத்த சரி பண்ற வேலை வேற, ரெண்டையும் ஒரே ஆள்ட்ட கொடுக்காதீங்க. நமக்கு 50 வாட் ட்ரான்ஸ்மிட்டர், ஆன்டெனா அதிகபட்சம் 30 மீட்டர் உயரம், அது விதியிலயே இருக்கு, ஓரளவு அனுபவம் உள்ள சப்ளையரே பாத்துக்குவார். ஸ்டுடியோவுக்கு அக்கூஸ்டிக் கன்சல்டன்ட் வேணும். மத்திய அரசு நிறுவனம் பெசில் நொய்டாவுல இருக்கு, ஸ்டுடியோ டிசைன்லேர்ந்து ட்ரான்ஸ்மிட்டர் வரைக்கும் கன்சல்டன்சி பண்றாங்க, அவங்ககிட்டயும் ஒரு கொட்டேஷன் வாங்கி வச்சுக்குங்க, மத்தவங்க சொல்றத ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

அதுக்கு முன்னாடி நாலு ஸ்டேஷன் நேர்ல போய் பாருங்க. சென்னையில அண்ணா எஃப்எம் 2004லேர்ந்து ஓடுது, பாம்பன்ல கடல் ஓசை மீனவங்களுக்காகவே நடக்குது. யார் ப்ளான் போட்டாங்க, இப்ப திரும்ப கட்டினா எத மாத்துவீங்கன்னு கேளுங்க. எங்க ஸ்டேஷன்ல ஏசிய மைக்குக்கு நேர் மேல மாட்டிட்டாங்க, இன்னிக்கும் ரெக்கார்டிங் அப்ப ஏசிய நிறுத்திட்டு வேர்த்து வழிய உக்காந்துருக்கோம்.

சுவர்_சத்தம்
ஃபோம் நிறுத்தாது, இத தெளிவா புரிஞ்சுக்குங்க. ஃபோம், கிளாஸ்வூல் எல்லாம் உள்ள பேசுறது சுவத்துல மோதி எக்கோ ஆகாம உறிஞ்சும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்த தடுக்க கனமும் காத்து புகாத அடைப்பும் வேணும். 9 இன்ச் செங்கல் சுவரு, ரெண்டு பக்கமும் பூச்சு, அது நல்ல சுவரு தான், ஆனா கதவுக்கு கீழ விரலளவு சந்து இருந்தா சுவரு இருந்தும் இல்லாத மாதிரி. ரோட்ட பாத்த ஜன்னல செங்கல் வச்சு அடைச்சிருங்க, ரெண்டு கதவு நடுவுல சின்ன இடம் விட்டு போடுங்க.

உங்க பெரிய ரூமுக்கு கணக்கு போட்டு பாத்தேன். கொள்ளளவு கிட்டத்தட்ட 47.5 கன மீட்டர், பேச்சு ஸ்டுடியோவுல சத்தம் 0.3 செகண்ட்ல அடங்கணும்னு வச்சா சேபின் சூத்திரப்படி (ரூம்ல எக்கோ எவ்வளவு நேரம் நிக்கும்னு சொல்ற கணக்கு) 25 சதுர மீட்டர் முழுசா உறிஞ்சுற பரப்பு போதும். சுவரு, கூரை, தரை எல்லாம் சேத்தா 80 சதுர மீட்டர் வரும், அதுல மூணுல ஒரு பங்கு தான். நாலு சுவரும் ஃபோம் ஒட்டினா கீச்சுன்னு கேக்குற உயர்ந்த சுருதி சத்தம் மட்டும் செத்துப்போய், குரல் அடியில உறுமும், கேக்குறவங்களுக்கு போர்வைக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். இந்தக் கணக்க போட்டு காட்ட தெரியாதவர் கன்சல்டன்ட் இல்ல சார்.

புதுகை_மண்
ரொம்ப நன்றி, ராத்திரி தூக்கம் வரும் இனி. ரோட்டுப் பக்கம் ஜன்னல் ஒண்ணு இருக்கு, அடைச்சிருவோம். எழுத்துல என்னென்ன வாங்கணும்?

பழைய_ப்ளூப்ரின்ட்
கட்டட வேலையில 20 வருஷம் இருந்தவன். பொருள் விக்கிறவர்ட்ட டிசைன் வாங்காதீங்க, அவர் கணக்குல சத்தம் உறிஞ்சுற பேனல் எப்பவும் பத்தாம தான் இருக்கும், இன்னும் வாங்கச் சொல்வார். ஃபீஸ் தனியா கொடுங்க, வெண்டர்ட்ட கமிஷன் வாங்க மாட்டேன்னு கையெழுத்து வாங்குங்க. ரூம்ல மீட்டர் வச்சு சத்தம் அளந்த ரிப்போர்ட், கதவு ஜன்னல் கேபிள் ஓட்டை வரைக்கும் காட்டுற டிராயிங், தடிமனும் அடர்த்தியும் போட்ட பொருள் பட்டியல் இது மூணும் கைக்கு வராம கொத்தனார கூப்பிடாதீங்க. கடைசி தவணைய வேலை முடிஞ்சு திரும்ப அளந்து பாத்துட்டு தான் கொடுக்கணும். எர்த் குழிய கட்டும்போதே தோண்டிருங்க.

புதுகை_மண்
சரிங்க அண்ணா. நாளைக்கு காலைல எட்டரை மணி பஸ் வர்ற நேரத்துல ரெண்டு ரூம்லயும் போன்ல ரெக்கார்ட் பண்ணி இங்க போடுறேன், கேட்டு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பாம்பன் கிளம்புறோம்.