நிழலுக்குக் கண், மூக்கு வரையும் பிள்ளைகள்

மூன்றாம்வகுப்பு டீச்சர்: நிழல் வரையச் சொன்னால் பாதிப் பேர் அதற்குக் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் போட்டுவிடுகிறார்கள், கண்ணாடியில் தெரிவதும் நிழலும் ஒன்றுதான் என்று நினைப்பு. எப்படிப் புரியவைப்பது?

சாக்பீஸ்: விளக்கமே வேண்டாம் டீச்சர். இருட்டறை, ஒரு டார்ச், சுவர். பொம்மையை டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், சுவர்ப்பக்கம் தள்ளினால் சுருங்கும், அப்புறம் மூக்கு எங்கே என்று அவர்களே கேட்பார்கள்.

வேப்பமரம்: டியூப்லைட்டில் செய்யாதீர்கள், நீள விளக்கு, விளிம்பு மங்கிவிடும். எண்ணெய் தடவிய காகிதத்தையும் பிடித்துக் காட்டுங்கள், வெளிறிய நிழல் விழும்.

சாக்பீஸ்: சென்னை என்றால் ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் 12 தாண்டிச் சில நிமிடத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மைதானத்தில் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள், நிழலே இருக்காது. மேகம் கெடுக்காமல் இருக்கணும்!