பாட்டை நேரடியாக விற்க நினைக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டிலேயே பதிவு செய்த ஆறு பாடல்கள் தயாராக இருக்கின்றன. (மூன்றாவதில் நாற்காலி கிரீச்சிடுவது லேசாகக் கேட்கும். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

இதுவரை, பாடல்களை இசைத் தளங்களில் ஏற்றித் தரும் ஒரு விநியோக நிறுவனம் வழியாகத்தான் வெளியிட்டேன். ஆண்டுச் சந்தா கட்ட மறந்ததும் பாடல்கள் எல்லாத் தளங்களிலிருந்தும் காணாமல் போயின. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் என் பாட்டு என் கையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பதிவுக்கான உரிமத்தொகை இல்லை. என் பாடல்களில் பாதி அந்தக் கோட்டைத் தொடாதவை. ஆனால் அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரடியாகப் போகத்தான், கலைஞர்கள் ரசிகர்களுக்கே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் பக்கம் வந்தேன். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. பரவாயில்லை.

இப்போது என் சிக்கல்: பழைய பாடல்களையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி (ISRC) குறியீடு, பதிவு மாறாதவரை மாறக்கூடாது, சரி. ஆனால் விநியோக நிறுவனத்தில் இருந்த பழைய கணக்கைத் திறக்கவே முடியவில்லை. குறியீடுகளை வேறு எங்கே தேடி எடுப்பது?

அப்புறம் விலை. ‘விரும்பியதைக் கொடுங்கள்’ என்று விட்டவர்களுக்கு ஏதாவது வந்ததா, அல்லது குறைந்தபட்ச விலை வைப்பதுதான் நல்லதா? விற்றுப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவி.