வீட்டு வாசலில் முன்சக்கரப் பேரிங் மாற்றியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செம்பவாங் ஓட்டுநர்:

வணக்கம். ஒரே காரின் ஒரே சக்கரத்திற்கு மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை பேரிங் (உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் குண்டுகள் வைத்த, சக்கரம் எளிதாகச் சுழல உதவும் பாகம்) மாற்றியவன் என்பதுதான் இந்த இழையைத் தொடங்க எனக்குள்ள தகுதி. முதல்முறை எங்கே தவறினேன் என்பதை விளக்கமாக எழுதினால், வீட்டில் இந்த வேலையைச் செய்ய நினைக்கும் யாருக்காவது ஒரு பேரிங்கின் விலையாவது மிஞ்சும்.

கார் ஜப்பானியத் தயாரிப்பு, முன்சக்கர இழுவை, 12 வயது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து வயதைக் கடந்த காரை ஆண்டுதோறும் ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், சிறு ஓசை எழுந்தாலும் காது அதன் பக்கம் போய்விடுகிறது. சென்ற ஆண்டு காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் மாவாட்டும் கிரைண்டர் ஓடுவதைப்போல் ஓர் இரைச்சல் கேட்டது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோதும் அடங்கவில்லை. சாலை இடப்புறம் வளைந்த இடங்களில் ஓசை தடித்தது, வலப்புறம் வளைந்த இடங்களில் மெலிந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. எனவே நோய் வலப்பக்கத்தில் என்று முடிவு செய்தேன். காரை ஜாக்கில் தூக்கி, முன்சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே மறுகையைச் சுருள்வில்லின் மேல் வைத்தபோது, மணலை அரைப்பதுபோன்ற நடுக்கம் விரல்களில் தெளிவாகத் தெரிந்தது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் தளர்வு ஏதும் இல்லை. தளர்வு இல்லையென்றால் பேரிங் நலமாக இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் இரைச்சல்தான் முதலில் வருகிறது, தளர்வு வெகு காலம் கழித்தே வருகிறது.

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் சக்கரத்தைக் கழற்றிப்போட்டு அரைநாள் வேலை பார்ப்பது முறையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. சிராங்கூன் கார்டன்சில் தரைவீட்டில் வசிக்கும் அத்தான் தம் வாசலைக் கொடுத்தார். கழற்றும் வேலை நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. இணையத்தில் காணும் காணொளிகளில் பெரும்பாலானவை பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் எடுக்கப்பட்டவை; அவற்றில் பாதி நேரம் துருவோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நம் ஊரில் மழை உண்டு, உப்பு இல்லை. துருநீக்கும் எண்ணெயை முந்திய இரவே அடித்து வைத்தது போதுமானதாக இருந்தது.

சக்கரம் தரையில் நிற்கும்போதே, எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாப்ட் தண்டின் முனையிலுள்ள ஆக்சில் நட்டின் மடிக்கப்பட்ட விளிம்பை மெல்லிய உளியால் நிமிர்த்தி, அத்தான் பிரேக்கை மிதித்திருக்க, நீண்ட கம்பி பொருத்திய 30 மில்லிமீட்டர் சாக்கெட்டால் நட்டைத் தளர்த்தினேன். பிறகு காரைத் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் காலிப்பரை (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அதன் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் சுருள்வில்லில் கட்டினேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் உணரியை ஒரே ஒரு சிறு போல்ட்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அதன் பிளாஸ்டிக் உடல் துளைக்குள் இறுகிக்கிடக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் உடைந்துவிடும், அதன் விலை பேரிங்கைவிடக் கூடுதல். அதனால் அதை மட்டும் கால் மணி நேரம் கொஞ்சிக் கொஞ்சி எடுத்தேன். ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் முனை, கீழ் பால் ஜாயிண்ட் என்ற மூட்டு, ஸ்ட்ரட்டை (சுருள்வில்லைத் தாங்கும் தூண்) பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள் ஆகியவற்றை விடுவித்ததும் நக்கிள் (பேரிங் உள்ளே அமர்ந்திருக்கும் பாகம்) முழுவதும் கைக்கு வந்தது. ஸ்ட்ரட் போல்ட்டுகளைத் தளர்த்துமுன் அவற்றின் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொண்டேன். டிரைவ் ஷாப்டை வெளியே தள்ளும்போது அதை இழுக்கக் கூடாது. இழுத்தால் கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டு பிரிந்துவிடும்.

என் வீழ்ச்சி இதற்குப் பிறகுதான் தொடங்கியது. திருகிழுத்துப் பொருத்தும் கருவிப்பெட்டி ஒன்றை இணையக் கடையில் வாங்கியிருந்தேன். பழைய பேரிங்கை வெளியேற்றியதும், அதன் உள்வளையத்தில் ஒரு பாதி ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் பாகத்தின்) தண்டிலேயே ஒட்டிக்கொண்டது. அதைக் கிரைண்டரால் பாதியளவு வெட்டி, உளியால் ஒரே தட்டில் பிளந்தேன். புதுப் பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போதும் கவனமாக இருந்தேன். வெளிவளையத்தின் மேல் மட்டுமே அழுத்தம் படும்படி பழைய பேரிங்கின் வெளிவளையத்தையே இடையில் வைத்தேன். பேரிங் நழுவாமல் பிடிக்கும் சிர்க்ளிப் வளையத்தையும் மாட்டினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது, நக்கிளின் பின்பக்கத்தைத் தாங்கி வைத்தேனே ஒழிய, பேரிங்கின் உள்வளையத்தைத் தாங்கவில்லை. ஹப் நேராகவும் எளிதாகவும் ஏறியது. அன்று மாலை காரை ஓட்டியபோது கண்ணாடிபோல் அமைதி. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது.

இரண்டாம் முறை பேரிங்கைப் பிரித்துப் பார்த்தபோது, உள்வளையத்தின் பாதையில் சம இடைவெளியில் நகக்குறிபோல் சிறு பள்ளங்கள் வரிசையாக இருந்தன. குண்டுகளை எண்ணினேன், ஒரு வரிசையில் எத்தனை குண்டுகளோ அத்தனை பள்ளங்கள்.

பழைய ஸ்பானர்:

தம்பி, அந்தப் பள்ளங்களை எண்ணிப் பார்த்தீர்களே, அதற்காகவே உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் பணிமனைகளில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். பணம் வாங்கி வேலை செய்பவர்களிலேயே பலர் அந்தப் பள்ளங்களைப் பார்த்ததில்லை. பேரிங் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்ததை ஏற்றுவார்கள்.

நடந்தது இதுதான். ஹப்பை உள்ளே தள்ளும் விசை உள்வளையத்தில் இறங்குகிறது. நீங்கள் தாங்கியிருப்பதோ நக்கிளை, அதாவது வெளிவளையத்தை. இரண்டுக்கும் நடுவில் குண்டுகளைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே டன் கணக்கான விசை முழுவதும் அவற்றின் வழியாகத்தான் மறுபக்கம் போயாக வேண்டும். சுழலும்போது பெரும் பாரத்தைத் தாங்கும் அதே குண்டு, அசையாமல் நிற்கும்போது இப்படி அழுத்தப்பட்டால் தன் பாதையைக் குழித்துவிடும். எந்த வளையத்தை ஏற்றுகிறீர்களோ அந்த வளையத்தில்தான் விசையும் தாங்கலும் இருக்க வேண்டும். சாலையோரத் திட்டில் சக்கரத்தை வேகமாக மோதுபவர்களின் பேரிங்கிலும் இதே குறிகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் அதிகம். நம் கார்களில் உள்ள இவ்வகைப் பேரிங்கின் உள்வளையம் ஒன்றல்ல, இரண்டு பாதிகள். அவற்றைச் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது ஆக்சில் நட்தான். டிரைவ் ஷாப்ட் பழுதாகி அதைக் கழற்றிவிட்டு, நட் இல்லாமலே சக்கரத்தை மாட்டி, காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தியவர்களை அறிவேன். அந்தப் பத்தடி நகர்வில் பாதிகள் விலகி, பாரம் குண்டுகளின் மேல் கோணலாக இறங்கிவிடும். அவசியம் நகர்த்த வேண்டியிருந்தால், கழற்றிய ஷாப்டின் வெளிமூட்டையாவது உள்ளே விட்டு நட்டை முறையாக முறுக்கியாக வேண்டும். நட்டின் முறுக்குவிசை கையேட்டில் என்னவோ அதுவே. கை சொல்கிற அளவு அல்ல. காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் துப்பாக்கியால் அடித்து இறுக்கிவிட்டு, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சைத் தொடாதவர்களிடம் நான் எப்போதுமே சண்டை போட்டிருக்கிறேன்.

பாசிர் ரிஸ் பயணி:

என் அனுபவத்தில் விசை சரியாக இருந்தது, திசைதான் தவறியது. பேரிங்கின் இரு பக்கங்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரேமாதிரி இருந்தன. ஒரு பக்கத்து மூடி கறுப்பு, மறுபக்கத்து மூடி பழுப்பு. நான் அதை வெறும் நிறவேறுபாடு என்று எண்ணி, பழுப்புப் பக்கத்தை உள்நோக்கி வைத்து ஏற்றிவிட்டேன். கார் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. உணரி உடைந்திருக்கும் என்று எண்ணிப் புது உணரி ஒன்றும் வாங்கினேன், விளக்கு அணையவில்லை.

கறுப்பு மூடிக்குள் காந்த வளையம் இருக்கிறது. அதில் வட துருவமும் தென் துருவமும் மாறி மாறிப் பதிந்திருக்கும். சக்கரம் சுழலும்போது அந்த மாற்றத்தைத்தான் உணரி எண்ணுகிறது. அது உணரி இருக்கும் பக்கத்தில், அதாவது காரின் உள்பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். எல்லாத் தயாரிப்பிலும் கறுப்புத்தான் காந்தப் பக்கம் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு காகிதக் கிளிப்பை அருகில் கொண்டுபோனால் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதுவே காந்தப் பக்கம். ஐந்து வினாடி வேலை. நான் அதைச் செய்யாததால் ஒரு பேரிங், ஓர் உணரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றும் போயின. காந்த வளையத்தைச் சுத்தியலால் தட்டுவதும், இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் வைப்பதும்கூட ஆகாது.

ஜூரோங் மேற்கு வாசகர்:

நான் மாற்றத் தேவையில்லாத பேரிங்கை மாற்றியவன். இரைச்சல், வேகத்தோடு ஏறுதல் ஆகிய இரண்டும் எனக்கும் இருந்தன; வளைவில் மாறுகிறதா என்று மட்டும் கவனிக்கவில்லை. பேரிங் மாற்றிய பிறகும் இரைச்சல் இம்மியும் குறையவில்லை. கடைசியில் முன், பின் டயர்களை இடம் மாற்றிப் பூட்டியபோது ஓசை பின்னுக்குப் போய்விட்டது. டயரின் விளிம்புக் கட்டங்கள் ரம்பப்பல்போல் தேய்ந்திருந்தன. உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழுக்கியது, எதிர்த்திசையில் தடவினால் பிராண்டியது. இன்று யாராவது என்னிடம் பேரிங் என்று பேச்செடுத்தால், முதலில் டயரைத் தடவிப் பாருங்கள் என்கிறேன்.

தோ பாயோ புதியவர்:

அனைவருக்கும் நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள். புதுப் பேரிங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எளிதாக ஏறும் என்கிறார்களே, அது உண்மையா? அழுத்தக் கருவி இல்லாதவர்கள் இந்த வேலையை விட்டுவிடத்தான் வேண்டுமா?

செம்பவாங் ஓட்டுநர்:

உறைபெட்டியில் வைப்பது உதவும், ஆனால் அளவோடுதான். ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் நம் 30 டிகிரி வெப்பத்திலிருந்து உறைபெட்டியின் கழித்தல் 18 டிகிரிக்குப் போனால் 0.04 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். இறுக்கம் குறைய அது போதும், தானாக விழ அது போதாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், வெளியே எடுத்த மறு நிமிடமே பேரிங்கின் மேல் வியர்வைபோல் நீர் பூக்கும். ஆகவே காற்றுப்புகாத பையில் போட்டு வைத்து, ஏற்றும் நொடியில் எடுத்துத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். நெத்திலி பொட்டலத்துக்கும் பனிக்கூழ் டப்பாவுக்கும் நடுவே அது ஓரிரவு கிடந்ததை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது ஐயத்துக்கு, நான் இரண்டாம் முறை செய்ததையே பதிலாகச் சொல்கிறேன். கழற்றுவதையும் மாட்டுவதையும் அத்தான் வீட்டிலேயே செய்தேன். அழுத்தும் வேலைக்கு மட்டும் நக்கிளையும் புதுப் பேரிங்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காக்கி புக்கிட்டில் இயந்திர வேலை செய்யும் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் 20 டன் அழுத்தக் கருவியில் உள்வளையத்துக்குச் சரியான குழாய்த்துண்டைத் தேடி எடுத்து அடியில் வைத்த பிறகே கைப்பிடியைத் தொட்டார். இருபது நிமிடத்தில் முடிந்தது, 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். ஒரு பணிமனை முழு வேலைக்கும் என்னிடம் 280 வெள்ளி கேட்டிருந்தது. பேரிங்கின் 70 வெள்ளியையும் புது ஆக்சில் நட்டையும் சேர்த்தாலும் அதில் பாதியை எட்டவில்லை. முதல் முறை வாங்கிய கருவிப்பெட்டியைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

மாட்டும்போது இன்னொரு தடை வந்தது. என் காருக்குக் கையேடு சொல்லும் முறுக்குவிசை 216 நியூட்டன் மீட்டர். என்னிடமிருந்த டார்க் ரெஞ்சோ 210 வரைதான் காட்டும். பழைய ஸ்பானர் ஐயா சொன்னதை அப்போது நான் படித்திருக்கவில்லை என்றாலும், ஒருமுறை சூடுபட்டிருந்ததால், மேலே ஒரு இழுப்பு இழுத்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு நண்பரிடம் பெரிய ரெஞ்சை இரவல் வாங்கினேன். நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் மடித்துவிட்டு, சக்கர நட்டுகளை 103 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். மறுநாளே சக்கரச் சீரமைப்பும் (அலைன்மெண்ட்) செய்தேன். பெயிண்ட் குறி ஏறக்குறையச் சரியாக வைக்க உதவுமே தவிர, சீரமைப்புக்கு ஈடாகாது.

அந்தப் பேரிங் இதுவரை 14 மாதம் ஓடியிருக்கிறது. இடையில் ஓர் ஆய்வையும் தாண்டியது. இப்போது இடப்பக்கம் மெல்ல முனகத் தொடங்கியிருக்கிறது, இம்முறை டயரையும் தடவிப் பார்த்துவிட்டேன். காக்கி புக்கிட் பெரியவர் சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார் என்பதால், நக்கிளை வெள்ளிக்கிழமை இரவே கழற்றி வைக்க வேண்டும். அத்தானிடம் வாசல் விளக்கைப் பழுதுபார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.